மணலுக்கா பஞ்சம்?

நடுவர் அவர்களே! எதிரணியில் டேப்லெட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கும் தம்பிகளே! அண்ணாமலையார் கோபுரத்தைப் பார்த்தபடி கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

எதிரணித் தம்பி என்ன சொன்னார்? "கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வராவிட்டாலும் கவலையில்லை. செயற்கை நுண்ணறிவு வந்தாச்சு, இனி கைப்பேசியே பாடம் சொல்லும்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், அழகாகத்தான் பேசினார். ஆனால் தம்பி, "புது உபாயம் வந்தாச்சு, வாத்தியார் செலவு மிச்சம்"ங்கிற பேச்சு இருநூறு வருஷத்துப் பழசு. அந்தப் பேச்சுக்கு வித்து நம்ம சென்னையில்தான் விழுந்தது!

இந்தக் கோயில் சுவரைப் பாருங்க. அரசர்கள் கொடுத்த கொடையெல்லாம் கல்லிலே இருக்கு. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதினது எதிலே? மணலிலே! தரையில் மணலைப் பரப்பி, விரலால் 'அ' எழுதணும். தப்பாப் போச்சா, கையால ஒரு தடவு, மறுபடி எழுது. காசில்லாத சிலேட்டு. கை பழகின பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். வாத்தியார் ஒருத்தர், பிள்ளைகளோ பல வயசு. எப்படிச் சமாளிச்சார்? அதுக்குத்தான் சட்டாம்பிள்ளை. பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லித் தருவான்.

1789இல் சென்னை எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் பள்ளி ஒன்று தொடங்கியது. அதன் பொறுப்புக்கு வந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். பெல்லுன்னா நடுவர் அடிக்கிற பெல் இல்லீங்க, ஆளோட பேரே பெல்! (சிரிப்பு) அவர் ஒரு 'மலபார்' பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். அந்தக் காலத்து ஐரோப்பியர் நம்மை 'மலபார்' என்றுதான் எழுதுவார்கள். கேரளத்தைத் தேடிப் போயிடாதீங்க. பார்த்ததை நம்ம பள்ளியிலும் செய்வோம் என்றார். உதவி ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். உடனே ஜான் ஃபிரிஸ்கின் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, "நீ சொல்லிக்கொடு" என்று வகுப்பை ஒப்படைத்துவிட்டார்! 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகவும் போட்டார். நம்ம சட்டாம்பிள்ளை 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு கப்பலேறினார். ஸ்காட்லாந்தில் பெல் விட்டுப்போன பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றைக்கும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பெயர்.

சந்தோஷமா இருக்கு இல்லையா? எனக்கும் இருந்தது, அடுத்ததைப் படிக்கிற வரைக்கும். ஜோசப் லங்காஸ்டர் என்பவர் இதே போன்ற முறையை இங்கிலாந்தில் நடத்தி, "ஒரே வாத்தியார் ஆயிரம் பிள்ளைகளை மேய்க்கலாம்" என்றார். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இது போதும் என்று பணக்காரர்கள் மகிழ்ந்தார்கள். பிள்ளைகள் ஒப்பித்தார்கள், புரிந்ததா என்று கேட்க ஆளில்லை. கடைசியில் 1846இல் அந்நாட்டு அரசே இந்த முறையை விட்டு விலகி, ஆசிரியர் பயிற்சிக்குப் பணம் ஒதுக்க வேண்டி வந்தது.

இங்கே என்ன நடந்தது? 1822இல் கவர்னர் தாமஸ் மன்றோ சென்னை மாகாணம் முழுக்கப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். கேட்கப் பெருமைதான். அதில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் தெரியுமா? தாய்மார்கள் கவனிக்கணும். வெறும் 4,540! ஏங்க, மணலுக்கா பஞ்சம்? உலகத்திலேயே மலிவான கருவி தெருவில் கொட்டிக் கிடந்தது. திண்ணையில்தான் இடமில்லை. பெண்ணுக்கும் இல்லை, சேரிப் பிள்ளைக்கும் இல்லை. அந்தத் திண்ணையைப் பொற்காலம் என்று என் அணியிலேயே ஒருவர் சொன்னார். எனக்கு உடன்பாடில்லை.

அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது எது? நடந்து போகிற தூரத்தில் ஒரு பள்ளி. 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவு. மாடு மேய்க்கிற இடத்துக்கே போய்ப் பிள்ளையைக் கூட்டிவந்த வாத்தியார். நானும் அப்படிப்பட்ட பள்ளியில் சிலேட்டைக் கோவை இலை போட்டுத் தேய்த்தவன்தான்.

கருவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1975இல் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் வழியாக ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சியில் பாடம் வந்தது. அண்டை ஆந்திரத்துக்கும் வந்தது. நல்ல முயற்சி. ஒரே வருஷம், 1976இல் செயற்கைக்கோள் நகர்ந்து போயிடுச்சு! வாத்தியாரை மாற்றினால் மனு கொடுக்கலாம், ஆகாயத்தில் இருக்கிறவனுக்கு யார் மனு கொடுப்பது? (கைதட்டல்) 2011இல் தமிழ்நாட்டு அரசு விலையில்லா மடிக்கணினி கொடுத்தது. 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. இரண்டையும் நான் வரவேற்கிறேன்.

ஆனால் 2020 நினைவிருக்கா? பள்ளி, கல்லூரி எல்லாம் பூட்டு. நான் வீட்டிலிருந்து கைப்பேசியில் சிலப்பதிகாரம் நடத்தினேன். ஜவ்வாது மலை அடிவாரத்துப் பெண் ஒருத்தி மூன்று வாரம் வரவில்லை. ஆப்சென்ட் போட்டேன். பிறகு ஒரு ராத்திரி அவளே கூப்பிட்டாள். "ஐயா, வீட்ல ஒரு போன்தான். அண்ணன் வேலைக்கு எடுத்துட்டுப் போயிடுது. பாடத்தைத் தாளில் எழுதிக் கொடுத்தா நான் படிச்சுக்கிறேன்" என்றாள். முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு, மூணு வாரமா 'ஏன் வரலை'ன்னு விசாரிக்கத் தோணலையே! எந்தக் கருவியைக் குறை சொல்வேன்?

2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. ஊர்ப் பெண்கள் சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்களில் பெரும்பங்கு. சாயங்காலம் திண்ணையிலும் மரத்தடியிலும் உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கப்பலேறிய சட்டாம்பிள்ளை, இந்தத் தடவை தாவணியும் சுடிதாரும் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினாள்! அவளுக்கு ஊக்கத்தொகை மாதம் ஆயிரம் ரூபாய். மலிவாக முடிந்ததே என்று பெல் துரை மகிழ்ந்திருப்பார். எனக்கு அந்த ஆயிரம் இன்னும் உறுத்துகிறது. தம்பி, உங்கள் கைப்பேசி வரட்டும். ஆனால் வராத பிள்ளையின் வீட்டுக் கதவை யார் தட்டுவது, அவருக்கு என்ன சம்பளம், இதை மட்டும் உங்கள் அணி...

நடுவர் பெல் அடிச்சிட்டார். இந்த பெல்லுக்கு நான் கட்டுப்படுகிறேன்.