பிரிட்டிஷ் நாணயங்களின் வழக்குப் பெயர்கள்

12 பென்ஸ் ஒரு ஷில்லிங்காகவும் 20 ஷில்லிங் ஒரு பவுனாகவும் கணக்கிடப்பட்ட நெடுங்காலத்தில், இங்கிலாந்தின் நாணயங்களுக்கு அரசாங்கம் சூட்டிய நாமங்கள் ஒருபுறமிருக்க, சந்தையிலும் துறைமுகத்திலும் மதுச்சாலையிலும் சாமானிய ஜனங்கள் தாமாகவே இட்டு வழங்கிய பெயர்கள் அவற்றினும் உயிர்ப்புள்ளனவாய் விளங்கின. பவுனுக்குரிய ‘க்விட்’ 17-ஆம் நூற்றாண்டிலும், ஷில்லிங்குக்குரிய ‘பாப்’ 18-ஆம் நூற்றாண்டிலும், ஆறு பென்ஸ் வெள்ளிக் காசுக்குரிய ‘டானர்’ 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வழக்கில் காணப்படுகின்றன.

ஜனங்கள் இட்ட பெயரே நிலைபெற்றதற்குச் சிறந்த உதாரணம் ‘கினி’. இரண்டாம் சார்லஸ் மன்னர் காலத்தில், 1663-இல், 20 ஷில்லிங் மதிப்புக்கு அச்சிடப்பெற்ற பொன் நாணயத்திற்கு மேற்கு ஆப்பிரிக்காவின் கினிக் கரையிலிருந்து பொன் வந்தமையால் அப்பெயர் ஏற்பட்டது. அவ்வியாபாரத்தை நடத்தியவர்கள் மனிதரையும் அடிமைகளாக விற்றவர்கள் என்பதை இப்பெயரைச் சொல்லும்போது மறத்தல் தகாது. 1717-இல் அதன் மதிப்பு 21 ஷில்லிங் என நிர்ணயிக்கப்பட்டது. 1817-இல் ‘சாவரின்’ என்னும் பொன் நாணயம் அதன் ஸ்தானத்திற்கு வந்த பின்னரும், வைத்தியரும் வக்கீலும் தம் ஊதியத்தையும், குதிரை வியாபாரிகள் விலையையும் கினிக் கணக்கிலேயே கூறிவந்தனர்.

பரிகாசத்தில் பிறந்த பெயரும் உண்டு. பார்லிமெண்ட் அங்கத்தினரான ஜோசப் ஹியூம் வற்புறுத்தியதன் பயனாக 1836-இல் நான்கு பென்ஸ் வெள்ளிக் காசு மீண்டும் வெளிவந்தபோது, அதுகாறும் குறுந்தூரச் சவாரிக்கு ஆறு பென்ஸ் பெற்று மிச்சத்தைத் தாமே வைத்துக்கொண்ட லண்டன் வண்டிக்காரர்கள், சரியான கட்டணத்தை மட்டுமே பெற நேர்ந்ததால் மனங்கசந்து, அவர் பெயரைச் சுருக்கி அக்காசை ‘ஜோயி’ என்றனர் என நாணய சரித்திரக்காரர்கள் கூறுவர். உழைப்பவன் இழந்த இரண்டு பென்ஸின் வருத்தம் ஒரு பெயராய் நின்றதாகவே இதனைக் கொள்ளவேண்டும்.

ஐந்து ஷில்லிங்கான ‘கிரௌன்’ நாணயம் ‘டாலர்’ எனவும் வழங்கியது. நெப்போலியன் யுத்த காலத்தில், வெள்ளி நாணயத் தட்டுப்பாட்டினால், இங்கிலாந்து பாங்கு 1804-இல் ஸ்பானிய டாலர்களை மறு முத்திரையிட்டு ஐந்து ஷில்லிங்குக்கு வெளியிட்டதுண்டு.

1971 பிப்ரவரி 15-இல் தசாம்ச முறை அமுலாகி, ஒரு பவுன் 100 புதிய பென்ஸாகப் பகுக்கப்பட்டபோது, ஷில்லிங் கணக்கு ஒழிந்தது. பாப், டானர் என்பன முதியோர் நினைவில் ஒடுங்கின. பவுன் அழியாமையால் க்விட் மாத்திரம் அழியவில்லை; லண்டன் கடைவீதிகளில் இன்றும் அதுவே நித்திய வழக்கு.