ஹைபிரிட் கார் ஏ.சி.: குளிர்ச்சிக் குறைவைக் கண்டறிதல்

2003இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸில் ஏ.சி. கம்ப்ரசரை இன்ஜின் பெல்ட் சுழற்றுவதில்லை. உயர் மின்னழுத்த பேட்டரியின் மின்சாரமே இயக்குகிறது. அதனால் சிக்னலில் இன்ஜின் நின்றாலும் குளிர்ச்சி தொடரும்.

குளிர்ச்சி குறைந்தால் எளிய சோதனையிலிருந்து தொடங்க வேண்டும். காற்று வரத்தே குறைவென்றால் கேபின் ஃபில்டரில் தூசி அடைத்திருக்கலாம். காற்று நன்றாக வந்தும் குளிரவில்லையா? கண்டென்சர், அதன் மின்விசிறி, குளிரூட்டும் கேஸின் அளவு என வரிசையாகப் பார்க்க வேண்டும். உயர், தாழ் அழுத்தப் பக்கங்கள் இரண்டிலும் அழுத்தம் குறைந்திருந்தால் பெரும்பாலும் கசிவுதான். அதை அடைக்காமல் கேஸ் நிரப்புவது வீண்.

கேஸ் நிரப்பும்போது பெரிய ஆபத்து கம்ப்ரசர் எண்ணெயில் இருக்கிறது. இந்தக் கம்ப்ரசருக்கு மின்காப்புத் திறனுள்ள என்டி-11 எண்ணெயே உரியது. சாதாரண கார்களின் பிஏஜி எண்ணெய் சிறிதளவு கலந்தாலும் கம்ப்ரசர் மோட்டாரின் மின்காப்பு கெடும்.

ஆரஞ்சு நிற வயர்களில் உயர் மின்னழுத்த மின்சாரம் பாய்வதால் பயிற்சி பெற்ற மெக்கானிக்கே அவற்றைக் கையாள வேண்டும்.