மலை எப்போது திறக்கும்?

மோகனூர் காவிரிக்கரையில் நின்று வடகிழக்கே பார்த்தால், தெளிவான நாளில் அடிவானத்தில் நீலமாக ஒரு மேடு தெரியும். அதுதான் கொல்லிமலை. நாமக்கல், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டினால் காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சோளக்காடு. பைக்கில் ரெண்டரை மணி நேரம் போதும். அதனால்தான் மோகனூர்ப் பக்கத்துப் பையன்களுக்குக் கொல்லிமலை என்பது ஞாயிற்றுக்கிழமை காலையில் டீக்கடையில் முடிவாகிற விஷயம். "வாடா, போயிட்டு வந்துடலாம்."

ஆனால் வாசலில் தெரிகிற இந்த மலைக்கு நாள் குறிப்பது ஒரு காலத்தில் லேசான வேலை இல்லை. எதைப் பார்த்து நாள் குறித்தார்கள் என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தைப் பார்த்தால் இந்த மலையின் வரலாறே கொஞ்சம் தெரிந்துவிடும்.

முதலில் சங்க காலம். கொல்லி வல்வில் ஓரியின் மலை. திருக்கோவலூர் மலையமான் காரி அவனைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்பதை அகநானூறு சொல்கிறது. அதே மலையில் கொல்லிப்பாவை என்று ஒரு உருவம் உண்டு, தெய்வம் செய்தது என்று பல பாடல்களில் வருகிறது. நற்றிணையின் 201ஆம் பாட்டில் அந்தப் பாவையைப் பற்றி ஒரு பட்டியல் இருக்கிறது. காற்று மோதி இடித்தாலும், மழை வேகமாகக் கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே நடுங்கினாலும் பாவையின் அழகு மாறாதாம். காதலியைப் பாவையோடு ஒப்பிடுவதற்காக வந்த பட்டியல் அது. மலையேறுகிறவன் கண்ணால் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. காற்று, மழை, இடி, நிலச்சரிவு: மலைக்குப் போகும் முன் நாம் இன்றைக்கும் விசாரிக்க வேண்டிய நாலு விஷயம் கிட்டத்தட்ட இதுதான். அந்த மலையில் மாறாமல் நிற்பது பாவை ஒன்றுதான் என்றால், மற்றதெல்லாம் மாறும் என்று அர்த்தம். கீழே இருந்தவர்களுக்கும் அது தெரிந்திருக்கிறது.

அடுத்து காய்ச்சல். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காபி நட்டார். ஏற்காடு அப்படியே வெள்ளைக்காரர்களின் குளிர்ந்த ஊரானது. கொல்லிமலை உயரத்தில் அதற்கு ரொம்பக் குறைந்ததில்லை. மேலே 1,000 முதல் 1,300 மீட்டர் வரை அகலமான மேட்டுநிலம். தண்ணீர் உண்டு, மண் உண்டு. ஆனாலும் அங்கே பங்களாக்கள் வரிசையாக வரவில்லை. செங்குத்தான ஏற்றம் ஒரு காரணம். இன்னொரு பெரிய காரணம் மலேரியா. கொல்லி என்றால் காய்ச்சல் என்பது அந்தக் காலத்து அதிகாரிகளின் எழுத்தில் நிலைத்துப்போன பெயர்.

காய்ச்சல் கெட்ட காற்றால் வருகிறது என்றுதான் நம்பினார்கள். 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் மலேரியா ஒட்டுண்ணியைக் கொசுவின் வயிற்றில் கண்டுபிடித்த பிறகுதான் விஷயம் தெளிவானது. மலையடிவார ஓடைகளில் மெதுவாக நகரும் தெளிந்த தண்ணீரில் முட்டையிடும் அனாபிலிஸ் வகைகள் உண்டு. அடைமழையில் ஓடை அடித்துக்கொண்டு போகும்போது முட்டையும் போய்விடும். மழை ஓய்ந்து ஓடை அடங்கும்போது கொசு பெருகும். ஆக, பார்க்க அழகாக, பச்சையாக, பாதை காய்ந்து இருக்கிற மாதம்தான் ஆபத்தான மாதம். கண்ணுக்குத் தெரிகிற வானிலை ஒன்று சொல்லும், தெரியாத நிலவரம் வேறு ஒன்று சொல்லும். 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி டி.டி.டி. அடித்த பிறகுதான் இந்த மாதிரி மலைகளைப் பற்றிய பயம் நாடு முழுக்கக் குறைந்தது.

இதற்கெல்லாம் நடுவில் மலையாளி மக்கள் மேலேயே வாழ்ந்தார்கள். காஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது அவர்களின் கதை. சாலை வருமுன் அவர்கள் விளைச்சலைத் தலைச்சுமையாகக் கீழே இறக்கினார்கள். மலை திறந்திருக்கிறதா என்ற கேள்வியே சமவெளிக்காரர்களின் கேள்விதான்.

சமவெளிக்காரர்கள் அதற்கு வைத்திருந்த பதில் ஆடி 18. அன்றைக்கு மோகனூரில் காவிரிக்குப் படையல். மலையில் அறப்பளீஸ்வரர் கோயிலில் கூட்டம், ஆகாயகங்கையில் குளியல். ஓரி விழாவும் அந்த நாட்களில்தான். காலண்டரில் நிலையான தேதி என்பது ஒரு வகையில் பழைய வானிலை அறிக்கை. ஆடியில் ஆறு நிறையும், அருவி விழும், கூட்டமாகப் போவதால் துணை இருக்கும். பல தலைமுறை பார்த்துப் பார்த்து ஒரு தேதியில் சுருக்கி வைத்தது.

அந்தத் தேதி இப்போது அவ்வளவு நம்பகமாக இல்லை. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்த பிறகு மோகனூரின் ஆடிப்பெருக்கு அணைத் திறப்பைப் பொறுத்ததாகிவிட்டது. வழக்கமான திறப்பு ஜூன் 12. 2024இல் தண்ணீர் இல்லாததால் அன்றைக்குத் திறக்கவில்லை. ஜூலை 28இல் திறந்தார்கள். ஜூலை 30இல் அணை 120 அடி நிரம்பிவிட்டது. சில வாரம் முன்பு வறண்டு கிடந்த ஆற்றின் கரையில் ஆடி 18க்குப் பல இடங்களில் 'இறங்காதே' என்று காவல் நின்றது. அதே ஜூலை 30 விடியும் முன் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் மலை சரிந்து நூற்றுக்கணக்கானவர்கள் போனார்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மோகனூர்க் காவிரியில் ஆடியில் ஓடுவது குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழை. கொல்லியில் பெய்வது தனி மழை. அது அய்யாறாகி, ஆகாயகங்கையில் விழுந்து, புளியஞ்சோலை வழியாக இறங்கி, மோகனூருக்குக் கீழேதான் காவிரியில் சேர்கிறது. எனவே ஊர் ஆற்றைப் பார்த்து மலையைக் கணிக்க முடியாது.

தேதியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ரெண்டு பாடம் இருக்கிறது. 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளம் பக்தர்களை இழுத்துப்போனது. கோடை நடுவில் வெள்ளத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீ. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் போன மலையேற்றக் குழுக்கள் புல்மேட்டில் சிக்கின. 20க்கும் மேல் உயிர்ச்சேதம். வார விடுமுறை, நல்ல வெயில், மழை இல்லை: திட்டம் போடுகிறவனுக்கு எல்லாம் சாதகமாகத்தான் தெரிந்திருக்கும். காய்ந்த புல்தான் அன்றைய நிலவரம்.

கொல்லிமலையில் இன்னொரு விசேஷம் உண்டு. ஆகாயகங்கைக்குப் பாதை உச்சியில் தொடங்குகிறது. வண்டியில் மேலே போய், கோயிலருகே ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். களைப்பு திரும்பும்போதுதான் வரும், மதிய மழையும் பெரும்பாலும் அதே நேரத்தில்தான் வரும். பள்ளத்தில் நிற்பவனுக்கு வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே எங்கோ ஒரு ஊரில் பெய்த மழை அருவியில் வந்து இறங்கலாம். தண்ணீர் கலங்கினால், சத்தம் கூடினால் படிக்குத் திரும்ப வேண்டியதுதான். செல்ஃபிக்கு நேரமில்லை.

ஆகவே திட்டம் என்பது தேதி குறிப்பதோடு முடிவதில்லை. முந்தின நாள் வானிலை மையத்தின் எச்சரிக்கையைப் பார்க்கலாம். ஆனால் அது மாவட்டம் முழுமைக்குமானது. சேந்தமங்கலமும் செம்மேடும் அதில் ஒன்றுதான், மலையில் ரெண்டும் ஒன்றில்லை. அருவி திறந்திருக்கிறதா, சாலையில் மண் சரிந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். விடியும்போதே கிளம்பி, உச்சிப்பொழுதுக்குள் படியேறி முடித்துவிட வேண்டும். வளைவுச் சாலை அடைபட்டால் முள்ளுக்குறிச்சி வழி இருக்கிறதா என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முக்கியமாக, எந்த நிலவரத்தில் திரும்புவோம் என்பதை வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். 60ஆவது வளைவு தாண்டிவிட்டால் யாருக்கும் திரும்ப மனசு வராது.

மழையில் சறுக்கும் படியில் அவசரப்பட்டு ஓடி என்ன கிடைத்துவிடப் போகிறது? அறப்பளீஸ்வரர் அங்கேயேதான் இருக்கப் போகிறார். காரவள்ளியில் டீ குடிக்கும்போது மேலிருந்து இறங்கி வருகிற பஸ் டிரைவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "அண்ணா, மேல மழைங்களா?" அவர் அரைமணி நேரம் முன்பு அங்கே இருந்தவர். அவர் வேண்டாம் என்றால், வடை சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். அடுத்த ஞாயிறும் அதே மலைதான்.