லேபிள் இருக்கிறது, அனுமதி போயிற்று: ஐரோப்பிய மாட்டிறைச்சி விதிகளின் கதை

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு கறி வியாபாரி தன் பொட்டலத்தில் ‘ஆங்கஸ் இன மாடு’ என்றோ ‘புல் தின்று வளர்ந்தது’ என்றோ அச்சிட நினைத்தால், 2014 டிசம்பர் 12 வரை அரசிடம் முன்அனுமதி வாங்க வேண்டியிருந்தது. மாடு உண்மையிலேயே ஆங்கஸ்தானா என்பது இரண்டாவது கேள்வி. முதலில் விண்ணப்பம், அதன் பிறகு தகவலின் உண்மையை எப்படிச் சோதிப்போம் என்ற திட்டம், சோதிப்பதற்கு ஒரு வெளி அமைப்பு, அந்த அமைப்புக்கான கட்டணம். எல்லாச் செலவும் வியாபாரியின் தலையில்.

மாட்டுக்கறிக்கு மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி? 1996 மார்ச் 20 அன்று பிரிட்டனின் சுகாதார அமைச்சர் ஸ்டீபன் டாரல் நாடாளுமன்றத்தில் வெளியிட்ட அறிவிப்பில் அதற்கு விடை இருக்கிறது. புதுவகை மூளைச் சிதைவு நோய் கண்ட பத்துப் பேரின் நிலைக்கு, மாடுகளுக்கு வந்த ‘பைத்திய மாட்டு’ நோயோடு தொடர்பு இருக்கக்கூடும் என்றார் அவர். ஒரே வாரத்தில் பிரிட்டன் மாட்டுக்கறி ஏற்றுமதிக்கு ஒன்றியம் தடை போட்டது. கண்டம் முழுக்கக் கறிக்கடைகளில் ஒரே கேள்வி: இது எந்த நாட்டு மாடு? அதற்குப் பதில் சொல்லும் ஏற்பாடு அன்று யாரிடமும் முழுமையாக இல்லை.

ஏற்பாடு படிப்படியாக வந்தது. 1997இல் முதல் விதி. 2000 ஜூலையில் அதன் இடத்தில் ‘1760/2000’ என்ற எண்ணோடு புதிய ஒழுங்குமுறை வந்தது. ஒவ்வொரு மாட்டுக்கும் இரு காதிலும் காதுவில்லை, கூடவே ஒரு கடவுச்சீட்டு, கணினியில் ஒரு பதிவு. அந்த ஆண்டு செப்டம்பர் முதல் மாட்டை எங்கே அறுத்தார்கள், எங்கே துண்டு போட்டார்கள் என்பதைச் சொல்வது கட்டாயமாயிற்று. 2002 ஜனவரி முதல் பிறந்த நாடும் வளர்ந்த நாடும் சேர்ந்தன.

தாளில் எளிதாகத் தெரியும் இந்த விதி தொழிற்கூடத்தில் எப்படி இருந்தது என்பதற்கு இத்தாலியக் கறியே நல்ல உதாரணம். பிரான்சில் பிறந்த காளைக்கன்றுகளை வாங்கி வந்து வட இத்தாலியில் கொழுக்க வைப்பது பழைய வணிகம். அந்தக் கறியின் லேபிளில் பிறந்தது பிரான்ஸ், வளர்ந்தது பிரான்ஸும் இத்தாலியும், அறுத்தது இத்தாலி, துண்டு போட்டது இத்தாலி என்று வரிசையாக வர வேண்டும். அறுப்புக்கூடம், வெட்டுக்கூடம் இரண்டின் உரிம எண்களும் கூடவே வேண்டும். பக்கத்துக் கொக்கியில் தொங்குவது இத்தாலியிலேயே பிறந்த மாடென்றால், ‘தோற்றம்: இத்தாலி’ என்ற ஒரே வரி போதும். ஆனால் இரண்டின் கறியையும் ஒரே தொகுதியாக வெட்டக் கூடாது. ஒரு தொகுதியை முடித்து, மேசையை ஒழித்து, லேபிள் சுருளை மாற்றிய பிறகே அடுத்ததைத் தொடங்கலாம். வெட்டுக்கூடத்துக்கு நேரம்தான் பணம் என்பதால், விதியின் உண்மையான விலை அச்சு மையில் இல்லை. இந்த நிறுத்தங்களில்தான் இருந்தது.

இதைச் சட்டம் இயற்றியவர்களும் அறியாமல் இல்லை. பல மாடுகளின் துணுக்குகள் கலக்கும் கொத்துக்கறிக்குத் தொடக்கத்திலேயே சலுகை இருந்தது: எங்கே தயாரித்தது, எங்கே அறுத்தது என்பதே முக்கியம், பிறந்த நாட்டை எப்போதும் தனியே சொல்ல வேண்டியதில்லை. 2007இல் ஐரோப்பிய ஆணையம் மேலும் சில முடிச்சுகளை அவிழ்த்தது. துணுக்குக் கறிக்கு எளிய லேபிள் வந்தது. ஒரு தொகுதியின் அளவு ஒருநாள் உற்பத்தியைத் தாண்டக் கூடாது என்ற வரையறையும் கூடவே இருந்தது. சலுகையும் கட்டுப்பாடும் ஒரே தாளில் வருவது பிரஸ்ஸல்ஸின் பழைய வழக்கம்.

அதே 2007இல் சுமைக்குறைப்பு ஒரு கொள்கையாகவே உருவெடுத்தது. நிறுவனங்களின் நிர்வாகச் சுமையை 2012க்குள் 25 சதவீதம் குறைப்போம் என்று ஆணையம் அறிவித்தது. பவேரிய மாநிலத்தின் முன்னாள் முதல்வர் எட்மண்ட் ஷ்டாய்பர் தலைமையில் ஒரு வெளியார் குழுவும் அமைந்தது. கணக்குப் போட நெதர்லாந்தில் பிறந்த ஒரு முறை கையில் இருந்தது: ஒரு படிவத்துக்கு ஆகும் நேரம், அந்த நேரத்துக்கான கூலி, ஆண்டுக்கு எத்தனை முறை, எத்தனை நிறுவனம் என்று பெருக்கினால் சுமை தொகையாக வந்துவிடும். முறை எளிது, அதன் குறையும் வெளிப்படை. படிவத்தின் செலவை அது கணக்கில் எடுக்கும், படிவம் தடுத்த பொய்யை எடுக்காது.

இந்தக் கணக்கில் சிக்கியதுதான் மாட்டுக்கறியின் விருப்ப லேபிள். இனம், வயது, தீவனம், வட்டாரம் ஆகியவற்றைச் சொல்லும்படி எந்தச் சட்டமும் வியாபாரியைக் கட்டாயப்படுத்தவில்லை. அவராக விரும்பிச் சொல்ல வந்தால்தான் விண்ணப்பம். இரண்டு மாதத்துக்குள் அரசு வாய் திறக்காவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகவே பொருள் என்று ஒரு விதியும் இருந்தது. மௌனத்தையே சம்மதமாக எடுத்துக்கொள்ளும் அனுமதி எவ்வளவு காவல் தரும் என்று ஷ்டாய்பர் குழு கேட்காமலே நாம் கேட்கலாம். பன்றிக்கறிக்கு இப்படியொரு முன்அனுமதி இல்லவே இல்லை. மாட்டுக்கறிக்கும் அதை நீக்கலாம் என்பது குழுவின் யோசனை. 2011 ஆகஸ்டில் ஆணையம் அதைச் சட்ட முன்வரைவாகவே முன்வைத்தது.

முன்வரைவு மேசையில் இருக்கும்போதே குதிரை குறுக்கே வந்தது.

2013 ஜனவரி 15 அன்று அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தன் சோதனை முடிவுகளை வெளியிட்டது. சோதித்த 27 மாட்டிறைச்சி பர்கர்களில் 10இல் குதிரையின் மரபணு. 23இல் பன்றியின் மரபணு. ஒரு பர்கரில் மட்டும் மாட்டுக்கறி அளவில் 29 சதவீதத்துக்குச் சமமான குதிரைக்கறி. அடுத்த மாதம் பிரிட்டனில் மாட்டிறைச்சி லசான்யா என்று விற்ற உறைவுணவில் பெரும்பகுதியும் சிலவற்றில் முழுவதும் குதிரையாக இருப்பது தெரிந்தது. ருமேனியாவில் அறுத்த கறி இடைத்தரகர்கள் வழியாகத் தென் பிரான்சு வந்து, லக்சம்பர்க் ஆலையில் லசான்யாவாகி, பிரிட்டன் கடையை அடைந்திருந்தது. ஒன்றியம் முழுக்க நடத்திய 4,144 சோதனைகளில் 193இல் குதிரை.

சுமைக்குறைப்பு இதோடு நின்றுபோயிருக்கலாம். நிற்கவில்லை, நிற்கத் தேவையும் இல்லை என்பது இக்கட்டுரையின் கருத்து. மோசடி நடந்தது கெடுபிடி மிகுந்த பச்சைக்கறியில் இல்லை. தோற்றம் சொல்லத் தேவையே இல்லாத பதப்படுத்திய உணவில். ஆங்கஸ் என்று எழுத விண்ணப்பம் கேட்ட அதே சட்டத்தொகுதி, லசான்யாவுக்குள் இருக்கும் கறி எந்த நாட்டுடையது என்று கேட்கவில்லை. 1996இன் அச்சம் எங்கே இருந்ததோ அங்கே மட்டும் காவல் குவிந்திருந்தது.

2014 மே மாதம் அந்த முன்வரைவு ‘653/2014’ என்ற ஒழுங்குமுறையாக நிறைவேறியது. டிசம்பர் 13 முதல் முன்அனுமதி போயிற்று. கட்டாய வரிகள் நான்கும் அப்படியே நின்றன. விருப்பத் தகவலுக்கு மூன்று நிபந்தனைகள் மட்டுமே மிஞ்சின: புறநிலையானதாக இருக்க வேண்டும், அதிகாரிகள் சரிபார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும், நுகர்வோருக்குப் புரிய வேண்டும். முன்னால் நின்ற காவல் பின்னால் நகர்ந்தது. ஆனால் சான்றாவணங்களைப் பத்திரப்படுத்தும் வேலை வியாபாரியிடமே இருந்தது. குறைந்தது தபால் செலவும் காத்திருப்பும்தான் என்று சிறு வெட்டுக்கூடக்காரர் முணுமுணுத்தால் அதில் நியாயம் உண்டு.

லசான்யாவின் கேள்விக்கு ஐரோப்பிய ஆணையம் 2013 டிசம்பரிலேயே ஒரு கணக்கைப் பதிலாகத் தந்திருந்தது. பதப்படுத்திய உணவில் கறியின் நாட்டைக் கட்டாயமாகச் சொல்லச் செய்தால் உற்பத்திச் செலவு 15 முதல் 50 சதவீதம் வரை கூடலாம். நுகர்வோரில் சுமார் 90 சதவீதத்தினர் அத்தகவலை முக்கியம் என்கிறார்கள். ஆனால் விலை பத்து சதவீதத்துக்குக் குறைவாக உயர்ந்தாலே, அதற்குப் பணம் தரத் தயாராக இருப்போரின் எண்ணிக்கை 60 முதல் 80 சதவீதம் சரிந்துவிடுகிறது. அதனால் ஒன்றிய அளவில் கட்டாயம் வரவில்லை. பிரான்சு பொறுக்கவில்லை: எடையில் எட்டு சதவீதத்துக்கு மேல் கறி இருக்கும் ஆயத்த உணவுகளுக்கு 2017 ஜனவரி முதல் சோதனை முறையில் தானே கட்டாயமாக்கியது.

ஒன்றியம் முழுமைக்கும் 2020 ஏப்ரலில் ஒரு நடுவழி கிடைத்தது. பொட்டலத்தில் ஒரு நாட்டின் பெயரோ கொடியோ போட்டு, உள்ளே உள்ள முதன்மைப் பொருள் வேறு நாட்டிலிருந்து வந்திருந்தால், அதைச் சொல்லியாக வேண்டும். எந்த நாடு என்று பெயர் சொல்லத் தேவையில்லை. ‘ஒன்றியத்துக்கு வெளியே’ என்று எழுதினாலே போதும். பெயரும் கொடியும் போடாத பொட்டலத்துக்கு இந்த விதி எதுவும் பொருந்தாது.