பசி மனிதனை என்ன செய்யும்?



இரண்டாம் உலகப் போரை எத்தனையோ முறை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஸ்டாலின்கிராடு, ஹிரோஷிமா எல்லாம் சொன்னேன். ஆனால் அந்தப் போரின்போது நடந்த ஒரு பட்டினிச் சோதனையைச் சொன்னதில்லை. எனக்கே ஓய்வு பெற்ற பிறகுதான் தெரியவந்தது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

1944 நவம்பர். ஐரோப்பாவில் ஏராளமான மக்கள் பட்டினியில் கிடந்தார்கள். போர் முடிந்ததும் அவர்களுக்கு என்ன கொடுத்து, எவ்வளவு கொடுத்துத் தேற்றுவது? அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ் இதைக் கண்டறிய முனைந்தார். மனச்சாட்சியின்படி ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர்களில் 36 பேர் தாமாகவே முன்வந்தார்கள். உடலும் மனமும் திடமானவர்கள் என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்.

முதல் 12 வாரம் நாளுக்குச் சுமார் 3200 கலோரி. அடுத்த 24 வாரம் அதில் பாதி, சுமார் 1570 கலோரிதான். உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி என்று இரண்டே வேளை. வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும்.

உடம்பு எடையில் கால்வாசி போயிற்று. கால் வீங்கியது, நாடித்துடிப்பு மந்தமானது, கோடையிலும் குளிர் எடுத்தது. மனதுக்கு நேர்ந்தது இதைவிடப் பெரிது. கலகலப்பானவர்கள் சிடுசிடுத்தார்கள், தனியே ஒதுங்கினார்கள். மணிக்கணக்கில் சமையல் புத்தகம் படித்தார்கள். இருந்த கொஞ்சம் சாப்பாட்டை நெடுநேரம் வைத்துத் தின்றார்கள், தட்டை நக்கினார்கள். பேச்சும் கனவும் சோறாகவே இருந்தன. மறுபடி நிறையக் கொடுத்தபோது, வயிறு நிறைந்தும் சிலருக்குப் பசி அடங்கவில்லை.

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்று நம் ஊரில் சொல்வதைத்தான் அவர்கள் அளந்து எழுதி, 1950-ல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார்கள். உண்ண மறுக்கும் நோயான அனோரெக்சியாவுக்குச் சிகிச்சை தரும் மருத்துவர்கள் இன்றும் இதை எடுத்துக்காட்டுகிறார்கள். அந்த நோயாளிகளிடம் காணும் பல விநோத குணங்கள் பட்டினியாலேயே வரக்கூடியவை என்பதற்கு இது சாட்சி.

இதைப் படித்தபோது ஒரு மாணவி நினைவுக்கு வந்தாள். பெயரும் ஆண்டும் சொல்ல மாட்டேன். அவள் முதலில் சற்று மெலிந்தபோது, "இப்பத்தான் பார்க்க நல்லா இருக்கே" என்று எல்லார் முன்னும் சொன்னவன் நான். பிறகு மதியச் சாப்பாட்டைத் தோழிகளுக்குக் கொடுத்துவிடுவாள். ஆனால் யார் டப்பாவில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொருவரையும் கேட்பாள். நோட்டின் கடைசிப் பக்கங்களில் சமையல் குறிப்பு எழுதியிருப்பாள். வெயிலிலும் ஸ்வெட்டர். அவளுடைய அம்மா வந்து அழுதபோது, "பிடிவாதம்மா, ரெண்டு போடுங்க, சரியாயிடும்" என்றேன். அந்த வருஷம் அவள் பரீட்சை எழுதவில்லை.

அந்த நோய்க்குக் காரணம் பல உண்டு. ஆனால் பட்டினி அதன் பிடியை இறுக்கிவிடும் என்பதை நான் அறியவில்லை. திடமான 36 ஆண்களையே ஆறு மாதத்தில் அப்படி ஆக்கிய பசி, வளரும் பிள்ளையை என்ன செய்யும்?

இப்போது ஃபோனில் 1200 கலோரி என்று டயட் அட்டவணைகள் வருகின்றன. மருத்துவரைக் கேட்காமல் பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்காதீர்கள். குண்டு என்று கேலியும் வேண்டாம், மெலிந்துவிட்டாய் என்று மெச்சவும் வேண்டாம். ஒரு பிள்ளை சாப்பாட்டை ஒதுக்கத் தொடங்கினால் அடிக்காமல், திட்டாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மனநல மருத்துவர் என்றால் கூச்சப்படாதீர்கள்.

அந்த மாணவி இதைப் படிக்கிறாளா, தெரியாது. படித்தால்: சார் அன்று உன்னிடம் சொன்னதும் தப்பு, உன் அம்மாவிடம் சொன்னதும் தப்பு. மன்னித்துவிடு அம்மா.