படுக்கையில் கிடப்பவரே அளவுகோல்: அத்திப்பட்டு வட்டாரத்தை முன்வைத்து முதியோர் இல்லப் பராமரிப்பை மதிப்பிடுதல்

தமிழகத்தில் முதியோர் இல்லம் ஒன்றின் தரம் பெரும்பாலும் இரண்டு தருணங்களில்தான் கேள்விக்கு உள்ளாகிறது. ஒன்று, அதற்கு உரிமம் வழங்கப்படும் நேரம். மற்றொன்று, அங்கே விபரீதம் நிகழ்ந்து அது செய்தியாகும் நேரம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்ப வழியின்றி 28 பேர் உயிரிழந்த பிறகுதான் அத்தகைய காப்பகங்களின் பக்கம் நீதிமன்றமும் அரசும் திரும்பின. 2018 பிப்ரவரியில், காய்கறிகளோடு ஒரு சடலத்தையும் முதியவர்களையும் ஏற்றிச்சென்ற வாகனம் பொதுமக்களால் தடுத்து நிறுத்தப்பட்டதை அடுத்து, உத்திரமேரூரை ஒட்டிய பாலேஸ்வரம் கருணை இல்லம் சோதனைக்கு உள்ளாயிற்று. நிர்வாகம் குற்றச்சாட்டுகளை மறுத்தது என்றாலும், அங்கிருந்தவர்கள் வேறு இல்லங்களுக்கு மாற்றப்பட்டனர். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் ஆசிரமத்திலும் இதே வரிசை மாறவில்லை: முதலில் புகார், பின்பு சோதனை, அதன் பின்னரே உரிமம் பற்றிய விசாரணை. இம்மூன்று நிகழ்வுகளும் தன்மையில் வேறுபட்டவை. ஆயினும் மூன்றிலும் மேற்பார்வை நிகழ்வுக்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தது. கட்டடத்தையும் காகிதத்தையும் பார்ப்பதை நிறுத்தி, தன் நிலையைத் தானே எடுத்துச் சொல்ல இயலாதவராய்ப் படுக்கையில் கிடக்கும் ஒருவரின் உடலிலிருந்து மதிப்பீட்டைத் தொடங்காத வரையில் இந்த வரிசை மாறாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சட்டத்தின் நிலையை முதலில் காண வேண்டும். மருத்துவர் நடத்தும் சிறு தனியார் மருத்துவமனை, அதாவது மக்கள் வழக்கில் நர்சிங் ஹோம் எனப்படுவது, தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் (1997) வரம்புக்குள் வருகிறது. முதியோர் இல்லமோ பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலவாழ்வுச் சட்டம், 2007 என்பதன் நிழலில், சமூகநலத் துறையின் பார்வையில் நிற்கிறது. மூக்குக் குழாய் வழியே உணவூட்டப்படும், சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்ட ஒருவர் இவ்விரண்டில் எதில் கிடந்தாலும் அவருக்குத் தேவையான கவனிப்பு ஒன்றுதான்; ஆனால் அதை மேற்பார்வையிடும் துறை மாறிவிடுகிறது. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மாவட்டத்திற்கு ஒன்றேனும், குறைந்தது 150 வறிய முதியோர் தங்கும் அளவில், இல்லங்களை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. அவற்றின் தர அளவுகளையும் சேவைகளையும் திட்டமாக வகுக்கலாம் என்றும் சேர்த்துச் சொல்கிறது. தனியார் பராமரிப்பு இல்லங்களையும் வீட்டுக்கே ஆளனுப்பும் முகமைகளையும் பதிவுசெய்து குறைந்தபட்சத் தரத்திற்குள் கொண்டுவர 2019 டிசம்பரில் மக்களவையில் வைக்கப்பட்ட திருத்த மசோதா, அந்த அவையின் காலம் முடிந்ததோடு காலாவதியாயிற்று.

மதிப்பீட்டுக்கான சிந்தனைக் கருவி புதியதன்று. பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் அவேதிஸ் டொனபீதியன், மருத்துவப் பராமரிப்பின் தரத்தை மூன்று கோணங்களில் பார்க்கலாம் என்று 1966இல் எழுதினார். கட்டடம், ஆட்கள், கருவிகள் ஆகியவை அமைப்பு. நோயாளிக்கு உண்மையில் செய்யப்படுவது செயல்முறை. அதனால் அவர் உடலுக்கும் வாழ்வுக்கும் நேர்வது விளைவு. அமைப்பு நன்றாக இருந்தால் செயல்முறை நன்றாக அமையும் வாய்ப்பு கூடும், செயல்முறை நன்றாக இருந்தால் விளைவும் நன்றாக அமையும் வாய்ப்பு கூடும் என்பதே அவர் கருத்து. ஒன்று இருந்தால் மற்றது இருந்தே தீரும் என்று அவர் சொல்லவில்லை. நம் ஆய்வு அலுவலர்களின் படிவங்களோ அமைப்போடு நின்றுவிடும் இயல்புடையவை. கழிப்பறைகளின் எண்ணிக்கையும் தீயணைப்புச் சான்றும் எண்ணுவதற்கு எளியவை, அலுவல் நேரத்திலேயே எண்ணி முடிக்கத்தக்கவை.

அமைப்பையும் அந்தந்த ஊருக்கு ஏற்பப் பார்க்க வேண்டும் என்பதற்கு அத்திப்பட்டு நல்ல சான்று. சென்னை–கும்மிடிப்பூண்டி புறநகர் ரயில் தடத்தில் உள்ள இவ்வூரை ஒட்டி, 1,830 மெகாவாட் திறனுள்ள வடசென்னை அனல்மின் நிலையமும் 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்ட அதன் 800 மெகாவாட் மூன்றாம் நிலையும் உள்ளன. நிலக்கரிச் சாம்பலும் சரக்கு லாரிகளின் புழுதியும் இங்கே அன்றாட வாழ்வின் பகுதி. நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோயுள்ள முதியவரைச் சேர்த்துக்கொள்ளும் இல்லத்தில், ஜன்னல்கள் எந்தப் பக்கம் திறக்கின்றன, ஆக்சிஜன் செறிவூட்டிக்கு மாற்று மின்சாரம் உண்டா என்பவை ஆடம்பரக் கேள்விகள் ஆகா. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் வடசென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. மின்நிலையம் பக்கத்தில் இருப்பதால் மட்டும் விளக்கு எரிந்துவிடுவதில்லை. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவையொட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மக்கள் உறக்கத்திலிருந்து எழுந்து கையில் கிடைத்த வாகனத்தில் ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். எழுந்து ஓட இயலாத இருபது பேரைக் கொண்ட இல்லம் ஒன்று அப்பகுதியில் இருந்து, அன்றிரவு பணியில் ஓர் ஆயா மட்டுமே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியை எந்தத் தீயணைப்புச் சான்றும் கேட்பதில்லை. எனவே இத்தொழில்வட்டாரத்தில் ஆள்பலத்தைப் பகலில் எண்ணுவது பயனற்றது. இரவு 2 மணிக்கு எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்பதே கணக்கு.

செயல்முறையை அளக்கப் படுக்கைப்புண்ணைப் போல் நேர்மையான சாட்சி வேறில்லை. ஒரே நிலையில் நெடுநேரம் கிடக்கும் உடலில், எலும்புக்கும் மெத்தைக்கும் இடையே தோல் நசுங்கி, இரத்த ஓட்டம் தடைப்பட்டு, திசு இறப்பதால் உண்டாவது அது. முதுகின் அடிப்பகுதியிலும் இடுப்பெலும்பின் பக்கங்களிலும் குதிகாலிலும் முதலில் தோன்றும். அதன் முதல் நிலை புண்ணே அன்று, ஒரு நிறமாற்றம் மட்டுமே. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு கணம் வெளிறி மீண்டும் சிவக்க வேண்டும். வெளிறாமல் அப்படியே நின்றால் அழுத்தச் சேதம் தொடங்கிவிட்டது என்று பொருள். இந்த விதி வெண்ணிறத் தோலைக் கண்முன் வைத்து எழுதப்பட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. அவ்விடம் சுற்றுப்புறத்தைவிடக் கறுத்தோ ஊதா படர்ந்தோ காணப்படலாம், அல்லது கண்ணுக்கு எதுவுமே தெரியாமல் போகலாம். அங்கே புறங்கையை வைத்துச் சூட்டையும், விரல் நுனியால் இறுக்கத்தையும் தொட்டுப் பார்த்துத்தான் அறிய வேண்டும். ஆகவே, கண்ணால் மட்டும் பார்த்துச் ‘சிவப்பு இல்லை’ என்று எழுதப்படும் பதிவு நம் ஊரில் எதையும் நிரூபிப்பதில்லை.

வரும்முன் காக்கவும் கருவி உண்டு. பார்பரா பிரேடன், நான்சி பெர்க்ஸ்ட்ராம் ஆகிய செவிலியர்கள் 1987இல் வெளியிட்ட பிரேடன் அளவுகோல், உணர்திறன், ஈரம், நடமாட்டம், அசைவுத்திறன், ஊட்டம், உராய்வு ஆகிய ஆறையும் மதிப்பெண்ணிட்டு 6 முதல் 23 வரையிலான ஒரு தொகையைத் தருகிறது. 18 அல்லது அதற்குக் கீழ் வந்தால் அபாயம் உண்டு. இதற்குக் கருவிகளோ பெருஞ்செலவோ தேவையில்லை. பயிற்சி பெற்ற ஒரு செவிலியரும் சில நிமிடங்களும் போதும். அபாயத்தில் உள்ளவரை இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் படுக்கவைப்பது நெடுநாள் மரபு. அதற்கென ஒரு பதிவேடும் வைக்கப்படுகிறது. மதிப்பீட்டாளர் அந்தப் பதிவேட்டை நம்பிவிடலாகாது. இரவு 10, 12, 2, 4 என்ற கட்டங்களில் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில் விழுந்த கையொப்பங்கள் காலையில் ஒரே மூச்சில் போடப்பட்டவை என்று சந்தேகிக்க இடமுண்டு. பதிவேட்டை மூடிவைத்துவிட்டுக் குதிகாலைத் தொட்டால் உண்மை தெரியும்.

விளைவை அளப்பதில்தான் சிக்கல் மிகுதி. உடல் எடையை மாதந்தோறும் குறித்துவந்தால், ஒரு மாதத்தில் 5 விழுக்காடோ ஆறு மாதங்களில் 10 விழுக்காடோ குறைந்தவரைக் கண்டுகொள்ளலாம். அமெரிக்க இல்லங்களின் கட்டாய மதிப்பீட்டுப் படிவம் இவ்வளவுகளையே எச்சரிக்கையாகக் கொள்கிறது. படுத்த படுக்கையானவரை நிறுத்தி எடை பார்க்க முடியாது என்பது சரியே. கைச்சுற்றளவை ஒரு நாடாவால் அளப்பதற்கு எத்தடையும் இல்லை. ஆனால் மிக நலிந்தவர்களை மனமுவந்து ஏற்கும் இல்லத்தில் புண்ணும் எடைக்குறைவும் இறப்பும் மிகுதியாக இருக்கும். நடமாடுவோரை மட்டும் பொறுக்கிச் சேர்க்கும் இல்லம் எப்போதும் சிறந்ததாகத் தோன்றும். சேர்க்கையின்போதே புண் இருந்ததா, இங்கு வந்தபின் உண்டானதா என்று பிரித்துக் காட்டாத எந்த எண்ணும் ஏழைக்கும் அனாதைக்கும் கதவு திறக்கும் இல்லத்தைத் தண்டிப்பதாகவே முடியும்.

இதில் அமெரிக்க அனுபவம் ஓர் எச்சரிக்கை. அங்கு 1987ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொருவரின் நிலையையும் முறையாக மதிப்பிடுவதைக் கட்டாயமாக்கிற்று; 2008 டிசம்பரில் ஐந்து நட்சத்திர வரிசை வெளியிடப்பட்டது. ஆள்பலத்தையும் தர அளவுகளையும் இல்லங்களே சொல்லிக்கொண்டதால் நட்சத்திரங்கள் மளமளவென்று உயர்ந்தன. சம்பளப் பட்டியலிலிருந்து ஆள்பலத்தைக் கணக்கிடும் முறை பிறகே வந்தது. சுய அறிக்கையை நம்பும் நட்சத்திர முறையை அப்படியே இங்கே கொண்டுவருவது வீண்வேலை.

குடும்பத்தாரின் திருப்தி நல்ல அளவுகோல்தானே என்று கேட்கலாம். மின்நிலையத்திலும் காட்டுப்பள்ளித் துறைமுகத்திலும் கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளிலும் ஷிப்ட் முறையில் உழைப்பவர், வார விடுமுறைப் பகலில் ஒரு மணி நேரம் வந்து பார்க்கும் தாய், தலை வாரி, துவைத்த சேலை உடுத்தி அமர்த்தப்பட்டிருக்கிறார். அவர் பார்ப்பது பொய்யன்று. ஆனால் அது வாரத்தின் 168 மணி நேரத்தில் ஒன்று. முதியவரும் எளிதில் குறைசொல்ல மாட்டார். மகனுக்கு வேறு வழி இல்லை என்பது அவருக்குத் தெரியும், பராமரிப்பவரைப் பகைத்துக்கொண்டால் இரவில் யாரை அழைப்பது என்ற அச்சமும் உண்டு. ஆகவே திருப்தியைக் கேட்பதைவிட, தூங்கவைக்கும் மாத்திரை யார் எழுதிக் கொடுத்தது, எத்தனை நாளாகத் தரப்படுகிறது, கட்டிலோடு கை கட்டப்பட்ட தடம் மணிக்கட்டில் உண்டா என்று பார்ப்பது மேல்.

இத்தகைய கண்டிப்பு நன்கொடையில் ஓடும் சிறு இல்லங்களை மூடச் செய்துவிடும் என்ற மறுப்பு புறந்தள்ளத் தக்கதன்று. பாலேஸ்வரத்திலிருந்து மாற்றப்பட்டவர்களுக்கு உடனே வேறிடம் தேட நேர்ந்ததை நினைத்தால் அதன் கனம் விளங்கும். எனினும் மேலே சொன்னவற்றில் விலை கூடியது இரவுப் பணியாள் ஒருவரின் ஊதியம் மட்டுமே. தொட்டுப் பார்த்தலும் எடை குறித்தலும் செலவற்றவை. வீடுதேடிச் செல்லும் செவிலியர்களை 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் அரசே அனுப்பிவருகிறது. அவர்களின் சுற்றில் முதியோர் இல்லத்தின் படுக்கைகளையும் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. தர அளவுகளை வகுக்கும் அதிகாரம் 19ஆம் பிரிவிலேயே இருக்கிறது; அது அரசு அமைக்கும் இல்லங்களுக்கு மட்டுமே உரியதா என்ற ஐயத்தை மாநில விதியொன்றால் நீக்க முயலலாம். அத்திப்பட்டு அடங்கிய பொன்னேரி வட்டத்தில் அதற்கான முதல் ஆய்வு, முன்னறிவிப்பின்றி, பின்னிரவில் நடத்தப்பட வேண்டும்.