இரண்டு கம்பிகளின் கதை

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணிபுரிந்த நிறுவனத்தில் இணையம் மந்தமாக இருக்கிறதென்று இரண்டாவதாக ஒரு லீஸ்டு லைன் வாங்கினார்கள். மாத வாடகை இரட்டித்தது, வேகம் இரட்டிக்கவில்லை. முதல் கம்பி மூச்சுத் திணறிக்கொண்டிருக்க, இரண்டாவது கம்பி கல்யாண வீட்டில் யாரும் கவனிக்காத விருந்தாளியைப்போல் சும்மா கிடந்தது. ஏன் என்று தேடப் போய்த்தான் இந்தப் பழங்கதைக்குள் நுழைந்தேன்.

லீஸ்டு லைன் என்பது இரண்டு இடங்களுக்கு நடுவே தொலைபேசி நிறுவனத்திடமிருந்து நிரந்தர வாடகைக்கு எடுக்கும் தடம். எண்ணைச் சுழற்றி அழைக்க வேண்டியதில்லை. இரவும் பகலும் திறந்தே இருக்கும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆர்பா அமைப்புக்காக லாரி ராபர்ட்ஸ் ஒரு கணினி வலையைத் திட்டமிட்டபோது, இத்தடங்களில் நொடிக்கு 2,400 பிட் ஓடினால் போதும் என்றே எண்ணியிருந்தார். 1967 அக்டோபரில் டென்னசி மாநிலத்தின் காட்லின்பர்கில் ஒரு கருத்தரங்கு நடந்தது. அங்கே, பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் டொனால்ட் டேவிஸ் குழுவினர் செய்திருந்த ஆய்வை ரோஜர் ஸ்கான்டில்பரி முன்வைத்தார். ராபர்ட்ஸ் தம் கணக்கைத் திருத்திக்கொண்டார். 2,400 என்பது 50,000 ஆயிற்று.

அன்றைய தொலைபேசிக் கம்பியில் அவ்வளவு வேகம் ஏது? இங்கேதான் எனக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. பன்னிரண்டு பேச்சுத் தடங்களுக்குரிய அலைவரிசையை ஒன்றாகச் சேர்த்துத்தான் தொலைபேசி நிறுவனம் அந்த ஒற்றைத் தடத்தைத் தந்தது. பன்னிரண்டு ஜோடி மனிதர்கள் ஒரே நேரத்தில் உரையாடக்கூடிய இடத்தை இரண்டு இயந்திரங்கள் எடுத்துக்கொண்டன. பல கம்பிகளை இணைத்து அகலத்தைப் பெருக்கும் யோசனை, ஆக, ஆர்பாநெட்டின் பிறப்பிலேயே இருந்தது.

1969 இறுதியில் அந்த வலையில் நான்கே இடங்கள். லாஸ் ஏஞ்சலிஸ், சாண்டா பார்பரா, ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனம் ஆகிய மூன்றும் ஒரு முக்கோணமாகப் பிணைந்திருந்தன. யூட்டா மட்டும் ஒற்றைக் கயிற்றில் தொங்கியது. வலை வளர வளர ஒவ்வோர் இடத்துக்கும் குறைந்தது இரண்டு தடங்கள் என்பது விதியாயிற்று. ஒன்று அறுந்தால் மற்றொன்று காப்பாற்றும். ஆனால் இரண்டும் நன்றாக இருக்கும்போது என்ன செய்வது?

1979 முதல் ஆர்பாநெட்டின் ஒவ்வொரு முனையும் முழு வலையின் வரைபடத்தையும் தன்னிடம் வைத்திருந்தது. எந்தத் தடத்தில் எவ்வளவு தாமதம் என்று அளந்து, அதைப் பிற முனைகளுக்கும் அறிவித்து, விரைவான வழியில் பொட்டலங்களை அனுப்பியது. கேட்பதற்கு அறிவார்ந்த ஏற்பாடு. வலையில் கூட்டம் பெருகியபோதுதான் அதன் பேதைமை வெளிப்பட்டது. இரண்டு பகுதிகளை இரண்டே தடங்கள் இணைப்பதாகக் கொள்ளுங்கள். முதல் தடம் நிரம்பி வழிகிறது என்ற செய்தி பரவியதும் எல்லா முனைகளும் ஒரே சமயத்தில் இரண்டாவதற்குத் தாவும். உடனே அது நிரம்பும், முதலாவது காலியாகும். மறுபடியும் அனைவரும் அங்கே ஓடுவர். ஒரு வரிசையிலிருந்து மறு வரிசைக்குத் தாவும் ரேஷன் கடைக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாடகையோ இரண்டு தடங்களுக்கும். எந்த நொடியிலும் உழைப்பது ஒன்றுதான்.

பிபிஎன் நிறுவனத்தின் அதுல் கன்னாவும் ஜான் ஜிங்கியும் 1987இல் இதற்குக் கண்ட தீர்வில் புதிய கம்பி ஏதுமில்லை. ஒரு தடம் தன் தாமதத்தை எவ்வளவு பெரிதுபடுத்திச் சொல்லலாம் என்பதற்கு ஒரு வரம்பு வைத்தார்கள். அந்த மதிப்பு ஒரே தாவலில் மாறாமல் மெல்ல மாறும்படி செய்தார்கள். எல்லோரும் ஓடுவதற்குப் பதில் சிலர் மட்டும் நகர்ந்தனர்.

அதற்கு முந்தைய ஆண்டு இன்னொரு விபத்து. 1986 அக்டோபரில், பெர்க்லியில் ஏறத்தாழ 400 கஜ இடைவெளியில் இருந்த ஆய்வகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாகச் சரிந்தது. எழுத்துக் கணக்கில் நொடிக்கு ஐந்து! தொலைந்த பொட்டலங்களை அனைவரும் அவசரமாகத் திரும்ப அனுப்பி நெரிசலைப் பெருக்கினர். வான் ஜேக்கப்சனும் மைக் கேரல்சும் கணினிகளுக்குப் பொறுமை கற்பித்தார்கள்: மெதுவாகத் தொடங்கு, இழப்பு நேர்ந்தால் அடக்கிக்கொள்.

ஆர்பாநெட் 1990இல் மூடப்பட்டது. எங்கள் அலுவலகத்துச் சிக்கலை ஓர் இளம் பொறியாளர் ஒரு மாலையில் தீர்த்தார். ஒவ்வொரு புதிய தொடர்பையும் இரு கம்பிகளுக்கும் மாறிமாறிப் பகிரும்படி ரூட்டரைத் திருத்தினார். தனியொருவர் ஒரு பெரிய கோப்பை இறக்கினால் அவருக்குக் கிடைப்பது அப்போதும் ஒரு கம்பியின் வேகமே. "அப்படியானால் எதற்கு இரண்டுக்கும் வாடகை?" என்றார் மேலாளர். பொறியாளர் பதில் சொல்லவில்லை. இரண்டாவது பெட்டியில் கண் சிமிட்டத் தொடங்கியிருந்த பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.